அம்மாவின் தாளம், மகளின் டிரம்பெட்

1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள கர்ட்டிஸ் இசைக் கழகத்தில் படிப்பை முடித்தார் எலேன் ஹாஃப்மன். தாளவாத்தியம் படித்து அங்குத் தேறிய முதல் பெண் அவர். கர்ட்டிஸ் சாதாரண இடமல்ல. 1928 முதல் மாணவர்களிடம் கல்விக் கட்டணமே வாங்காத பள்ளி அது. அதனால் உள்ளே நுழையக் கடும் போட்டி. அப்படிப்பட்ட இடத்தில் தேறியவருக்கு, சொந்த ஊர்க் கல்யாணங்களில், சொந்தக் குடும்பத்தின் இசைக்கு டிரம் வாசிக்க மட்டும் இடம் கிடைக்கவில்லை. பெண்ணை வைத்துக்கொள்ளக் குழுத் தலைவர்கள் தயாராக இல்லை. அவ்வளவுதான் காரணம்.

எலேனின் மகள் சூசன் வாட்ஸ். டிரம்பெட் கலைஞர், பாடகர், இசையமைப்பாளர். அதே பிலடெல்பியாவில் வாசிக்கிறார், கற்றுக்கொடுக்கிறார், ஊரைக் கூட்டி ஆடவைக்கிறார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. ஆனால் அம்மாவைத் தாண்டி மகளிடம் போக முடியாது. அம்மாவுக்கும் முன்னால் ஒரு தாத்தா, ஒரு கொள்ளுத் தாத்தா என்று வரிசையாக நிற்கிறார்கள்.

நான் உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் டிரம்பெட் வாசித்தவள். இணைப்பாட நடவடிக்கையாகத் தொடங்கி, பிறகு விட மனமில்லாமல் வீட்டிலும் வாசித்தேன். எங்கள் வீவக புளோக்கில் மேல்மாடிக்காரர் இன்னும் என்னைப் பார்த்தால் "இப்போதெல்லாம் ஊதுவதில்லையா?" என்று நிம்மதியோடு கேட்பார். எங்கள் டிரம்பெட் வரிசையில் எட்டுப் பேர், பெண்கள் இருவர். பெண் டிரம்பெட் கலைஞர்களைத் தேடித் தேடிக் கேட்கும் பழக்கம் அப்போது வந்தது. அப்படித்தான் சூசன் வாட்ஸின் வாசிப்பு என் காதில் விழுந்தது. பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது நேரான, சுத்தமான ஒலி. இவருடைய டிரம்பெட்டோ நடுநடுவே விம்மியது. ஒரு சுரம் முடியும் இடத்தில் அழுகையை அடக்குபவர் தொண்டை அடைப்பதுபோல் சட்டென்று அறுந்தது. இது என்ன வாசிப்பு என்று தேடப் போனதில், ஒரு குடும்பக் கதை கிடைத்தது.

யூதர் என்றதும் சிங்கப்பூரர்களான நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் டேவிட் மார்ஷல். அடுத்து வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878 முதல் நிற்கும் மகேன் அபோத் ஆலயம். அவர்கள் பாக்தாத் வழியில் வந்தவர்கள். சூசனின் முன்னோர் வேறு திசை: கிழக்கு ஐரோப்பா. அவர்கள் வீட்டில் பேசியது யிட்டிஷ். ஜெர்மானிய மொழியின் உடம்பு, ஹீப்ரு எழுத்து, நடுவே நிறைய ஸ்லாவியச் சொற்கள் என்று கலந்த மொழி. அவர்களுடைய கல்யாண இசைக்குப் பெயர் கிளெஸ்மர்.

கல்யாணத்தில் பிறந்த இசை

'க்லி', 'ஸெமெர்' என்ற இரண்டு ஹீப்ரு சொற்கள் சேர்ந்தது கிளெஸ்மர். இசைக் கருவி என்று பொருள். நாளடைவில் கருவியை வாசிப்பவருக்கே அந்தப் பெயர் வந்தது. பிறகு அதுவே கொஞ்சம் இளக்காரமான சொல்லாகவும் மாறியது. பெண் கொடுக்க யோசிக்கும் தொழில். ஆனால் அவர்கள் வராமல் கல்யாணம் நடக்காது. நாகஸ்வரக்காரரைப் பற்றி நம் பெரியவர்கள் பேசியதைக் கேட்டவர்களுக்கு இந்த முரண் புதிதாக இருக்காது.

கல்யாணத்தில் அவர்களுக்குக் காலையிலிருந்து இரவுவரை வேலை. விருந்தினர் வரும்போது வரவேற்க ஒரு மெட்டு. மணப்பெண்ணை நாற்காலியில் அமரவைத்து, கன்னி வாழ்க்கைக்கு விடைகொடுக்கும் சடங்கில் அவளையும் சுற்றியிருக்கும் பெண்களையும் அழவைக்கும் வாசிப்பு. தாளக்கட்டு இல்லாமல், ஆலாபனைபோல் ஒருவர் தனித்து வாசிக்கும் 'டோய்னா'. அது ருமேனிய இடையர் இசையிலிருந்து வந்தது. பிறகு ஆட்டம். 'ஷெர்' என்பது நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடுவது. 'ஃபிரெய்லெக்ஸ்' வட்டமாகக் கைகோத்து ஆடுவது.

சங்கீதம் தெரிந்தவர்களுக்காக ஒரு செய்தி. கிளெஸ்மரில் அடிக்கடி வரும் 'ஃபிரெய்கிஷ்' என்ற சுர வரிசையின் சுரங்கள் நம் வகுளாபரணத்தின் சுரங்களேதான். நான் கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன். ஆனால் சுரங்கள் ஒன்றாக இருப்பதால் ராகம் ஒன்றாகிவிடாது என்பது பாட்டு வகுப்புக்குப் போகும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கமகத்தில்தான் ராகம் இருக்கிறது. இவர்களுடைய கமகத்தில் ஒன்றுக்குப் பெயர் 'கிரெக்ஸ்'. யிட்டிஷில் முனகல், விம்மல் என்று பொருள். வயலினில் விரலால் வரும். கிளாரினெட்டில் தொண்டையால் வரும். டிரம்பெட்டில் அதைக் கொண்டுவருவது சிரமம்: வால்வைப் பாதி மட்டும் அழுத்தி, மூச்சை ஒரு கணம் தொண்டையில் பிடித்து, உடனே விட வேண்டும். உதடு இறுகியிருந்தால் வராது. தளர்ந்தால் சுரமே போய்விடும். எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று, அதுவும் பத்தில் மூன்று முறைதான் வந்தது.

கார்னெட், சைலஃபோன், டிரம்

சூசனின் கொள்ளுத் தாத்தா ஜோசப் ஹாஃப்மன் உக்ரேனிலிருந்து பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தவர். டிரம்பெட்டின் நெருங்கிய உறவான கார்னெட் வாசித்தவர். 1880களிலிருந்து 1924இல் அமெரிக்கா குடியேற்றக் கதவை இறுக்கிச் சாத்தும்வரை, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் இலட்சக்கணக்கில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பிலடெல்பியாவில் பெரிய சமூகமே உருவானது. அங்கே கல்யாணங்களுக்குப் பஞ்சமில்லை. வாசிப்பவர்களுக்கு வேலைக்கும் பஞ்சமில்லை.

ஜோசப்பின் மகன் ஜேக்கப் டிரம்மும் சைலஃபோனும் வாசித்தார். பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவிலும் வாசித்திருக்கிறார். கல்யாண வீட்டிலும் வாசித்திருக்கிறார். கிளாரினெட் கலைஞர் ஹேரி கேண்டலின் குழுவோடு 1920களில் இவர் சைலஃபோனில் வாசித்த டோய்னா இன்றும் இசைத்தட்டுத் தொகுப்புகளில் கிடைக்கிறது. மரக்கட்டைகளில் தட்டும் கருவியில் விம்மலை எப்படிக் கொண்டுவருவது? ஒரே சுரத்தை மிக வேகமாக உருட்டி உருட்டி நீட்டுகிறார். முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது முறை கேட்கும்போது சிரிப்பு வரவில்லை.

அந்த ஜேக்கப்தான் தன் மகள் எலேனுக்கு டிரம் கற்றுக்கொடுத்தார். வீட்டுக்குள் கற்றுக்கொடுப்பதில் தடையில்லை. வெளியே வாசிக்க அனுப்புவதில்தான் ஊர் குறுக்கே நின்றது. எலேன் மேற்கத்திய இசைக்குழுக்களில் வாசித்தார், நாடக அரங்குகளில் வாசித்தார், திருமணமாகிப் பிள்ளைகளை வளர்த்தார், பல ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லித் தந்தார். கிளெஸ்மரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவரைக் கூப்பிட்டார்கள் என்றே சொல்லலாம்.

இதற்கிடையில் அந்த இசையே மங்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றார்கள். கிளெஸ்மர் பிறந்த ஊர்களில் அதை வாசிக்கவும் ஆளில்லை, ஆடவும் ஆளில்லை. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கோ அது தாத்தா காலத்துப் பாட்டு. கல்யாணத்தில் ஸ்விங் கேட்டார்கள், பிறகு ராக் கேட்டார்கள். கிளெஸ்மர், பெரியவர்களைத் திருப்திப்படுத்த வாசிக்கும் பத்து நிமிடமாகச் சுருங்கியது.

இசைத்தட்டில் இல்லாதது

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இளைய தலைமுறை யூதக் கலைஞர்கள் சிலர் பழைய 78 சுற்று இசைத்தட்டுகளைத் தேடியெடுத்தார்கள். ஊசி தேயத் தேயக் கேட்டு, ஒவ்வொரு சுரமாகப் படியெடுத்து வாசித்தார்கள். 1980இல் பாஸ்டனில் ஹாங்கஸ் நெட்ஸ்கி கிளெஸ்மர் கன்சர்வேட்டரி பேண்டைத் தொடங்கினார். 1985இல் நியூயார்க் மாநிலத்தில் 'கிளெஸ்கேம்ப்' என்ற ஆண்டு முகாம் தொடங்கியது. கிளெஸ்மர் மறுமலர்ச்சி என்று இதைச் சொல்வார்கள்.

இங்கேதான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது. இசைத்தட்டிலிருந்து கிளாரினெட்டைக் கற்கலாம், வயலினைக் கற்கலாம், டிரம்பெட்டையும் கற்கலாம். டிரம்மைக் கற்க முடியாது. 1925வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வரும்வரை மைக்கே கிடையாது. பெரிய கூம்புக் குழாய்முன் வாசிக்க வேண்டும். டிரம்மின் அதிர்வு பதிவு ஊசியைக் குலுக்கிவிடும். ஆகவே டிரம் வாசிப்பவரைத் தூரத் தள்ளி நிறுத்துவார்கள், அல்லது கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து மெல்லத் தட்டச் சொல்வார்கள். இசைத்தாளிலும் டிரம்முக்கு எழுதிவைக்கும் வழக்கம் அரிது. கல்யாண வீட்டில் ஷெர் ஆட்டத்துக்கு எந்த அடியை எங்கே போட்டால் ஆடுபவரின் கால் எழும், எங்கே அடியை விட்டால் மூச்சு வாங்கும் என்பதெல்லாம் வாசித்தவர்களின் கையில் மட்டுமே இருந்தது.

அப்படிப்பட்ட கைகளில் ஒரு ஜோடி பிலடெல்பியாவில், யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடாத ஒரு பெண்ணிடம் இருந்தது.

நெட்ஸ்கியும் பிலடெல்பியாக்காரர்தான். அவருடைய குடும்பத்திலும் கிளெஸ்மர் கலைஞர்கள் இருந்தார்கள். ஊரின் பழைய கலைஞர்களைத் தேடிப் பேசி, அவர்கள் வாசித்தவற்றைச் சேகரித்து, பல ஆண்டு ஆய்வுக்குப்பின் 2015இல் பிலடெல்பியாவின் கிளெஸ்மர் உலகம் பற்றி ஒரு நூலே எழுதினார். இந்த இசைமீது மீண்டும் கவனம் திரும்பிய காலத்தில், எலேன் மகள் சூசனோடு மேடையேறினார். தலை நரைத்த பிறகு, தன் தந்தை கற்றுக்கொடுத்ததை, ஊர் முன்னால் வாசித்தார். முகாம்களில் இளம் டிரம் கலைஞர்கள் அவரிடம் வந்து உட்கார்ந்தார்கள். 2007இல் அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம், மரபுக் கலைஞர்களுக்கு வழங்கும் மிக உயர்ந்த விருதான தேசிய மரபுரிமை விருதை அவருக்கு வழங்கியது. அப்போது அவருக்கு வயது 75.

விருதைப் பற்றி எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியைவிடக் கணக்குதான் வருகிறது. 1954லிருந்து 2007வரை 53 ஆண்டுகள். இவ்வளவு நாளும் கை ஓயாமல் இருந்தது அவருடைய பிடிவாதம். நீண்ட ஆயுள் கிடைத்தது அதிர்ஷ்டம். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த அடிகள் அவரோடு போயிருக்கும்.

ஊதுவது, சொல்லித் தருவது, ஆடவைப்பது

சூசன் நான்காம் தலைமுறை. கொள்ளுத் தாத்தாவின் கார்னெட் அவரிடம் டிரம்பெட்டாக வந்திருக்கிறது. அம்மா டிரம், மகள் டிரம்பெட் என்று இருவரும் சேர்ந்து வாசித்த பதிவுகளைக் கேட்டால் ஒன்று புரியும். எலேன் மேலே ஏறி முழங்குவதில்லை. ஸ்னேர் டிரம்மில் சின்னச் சின்ன உருட்டல். திடீரென்று ஒரு அடி முன்னதாக விழும். அந்த இடத்தில் டிரம்பெட் சரியாக மூச்சை விட்டுத் திரும்பும். ஒத்திகையில் மட்டும் வருகிற ஒற்றுமையாக எனக்குத் தோன்றவில்லை. சமையலறையில் ஒருவர் கரண்டியை நீட்டும்போது மற்றவர் பாத்திரத்தைத் திருப்புவதுபோல் இருக்கிறது.

சூசன் தன் குழுக்களோடு வாசித்தது ஒருபுறம். பெண்கள் மட்டுமே சேர்ந்த 'மிக்வே' என்ற கிளெஸ்மர் குழுவிலும் அவர் இருந்தார். வயலின் கலைஞர் அலிஷியா ஸ்விகால்ஸ், பாடகர் ஏட்ரியன் கூப்பர் போன்றோர் சேர்ந்து நடத்திய குழு அது. யூதப் பெண்கள் சடங்காக நீராடும் இடத்துக்குப் பெயர் மிக்வே. தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்கு இடமில்லாத தொழிலில் இப்படி ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்த குறும்பை நான் மிகவும் ரசித்தேன்.

கற்பித்தல் இன்னொருபுறம். கிளெஸ்கேம்ப், கனடாவின் கிளெஸ்கனடா போன்ற முகாம்களில் சொல்லித் தந்தவர் அவர். இவை நாம் நினைக்கும் இசை வகுப்புபோல் இருக்காது. தாத்தா பாட்டியிலிருந்து குழந்தைவரை குடும்பமாக வந்து தங்குவார்கள். பகலில் கருவி வகுப்பு, யிட்டிஷ் மொழி வகுப்பு, பாட்டு, நடனம். இரவில் வாசிப்பவர் வாசிக்க, மற்றவர் ஆடுவார்கள். தாளைப் பார்த்து வாசிப்பதைவிடக் காதால் கேட்டுப் பிடிப்பதற்கே மதிப்பு அதிகம். ஆசிரியர் ஒரு வரி வாசிப்பார். மாணவர்கள் திரும்ப வாசிப்பார்கள். விம்மல் சரியான இடத்தில் விழும்வரை மறுபடி, மறுபடி. பாட்டு வாத்தியார் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த முறையை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வேலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிலடெல்பியாவில் கிளெஸ்மரை மீண்டும் ஊர்மக்களிடம் சேர்க்கும் ஒரு சமூக முயற்சியை அவர் முன்னின்று நடத்தியிருக்கிறார். அதன் அடிப்படை எளிது: இது உட்கார்ந்து கேட்கும் இசை அல்ல, எழுந்து ஆட வேண்டிய இசை. ஆட்டம் தெரியாத கூட்டத்துக்கு முன்னால் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் பாதி இசைதான் நடக்கிறது. எனவே வாசிப்பவர்களோடு நடனம் சொல்லித் தருபவர்களையும் கூட்டுகிறார்கள். பிலடெல்பியாவுக்கென்றே ஒரு ஷெர் மெட்டுவரிசை உண்டு. ஒரு காலத்தில் அந்த ஊர்க் கல்யாணங்களில் எல்லாருக்கும் தெரிந்த வரிசை அது. அடுத்த மெட்டு எது என்று வாசிப்பவருக்கும் தெரியும், ஆடுபவரின் காலுக்கும் தெரியும். கால் மறந்துவிட்டால் மெட்டு காட்சிப் பொருளாகிவிடும்.

இதில் எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. இம்மாதிரி முயற்சிகள் பெரும்பாலும் அறநிதியை நம்பி நடக்கின்றன. சூசனுக்கே 2015இல் பியூ நிதியத்தின் கலைஞர் உதவித்தொகை கிடைத்தது. நிதி நல்லதுதான். ஆனால் ஜேக்கப் காலத்தில் இந்த இசைக்குச் சோறு போட்டவர்கள் மணமக்களின் பெற்றோர். விருந்தினர் தமக்குப் பிடித்த மெட்டைக் கேட்டு, கையில் காசு கொடுத்தார்கள். கலையரங்கில் அனுமதிச்சீட்டு வாங்கி வருபவர், அடுத்த மாதம் தம் வீட்டுக் கல்யாணத்துக்கு டிஜேயை விட்டுவிட்டு டிரம்பெட்டைக் கூப்பிடுவாரா? அந்தக் கேள்விக்குப் பதில் கலைஞர் கையில் இல்லை. ஆனால் ஊரை ஆடப் பழக்கும் வேலையைச் செய்யாமல் அந்தக் கேள்வியைக் கேட்கவும் முடியாது. அந்த வேலைக்குக் கைதட்டு குறைவு. நாற்காலிகளை நகர்த்த வேண்டும், வெட்கப்படுபவரைக் கைபிடித்து இழுக்க வேண்டும், இடது காலா வலது காலா என்று நூறு முறை சொல்ல வேண்டும். நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் அதைச் செய்ய முன்வருவதைத்தான் நான் வியக்கிறேன்.

எலேன் 2017 செப்டம்பரில், 85 வயதில் காலமானார். அவருடைய வாழ்க்கையைப் பிலடெல்பியா நாட்டார் வழக்காற்று அமைப்பு ஆவணப்படமாக எடுத்திருக்கிறது. 'ஈட்டலா' என்று பெயர். வீட்டில் அவரைக் கூப்பிட்ட யிட்டிஷ் செல்லப் பெயர் அது.

அம்மா மறைந்த மறு ஆண்டு, 2018இல், கிளெஸ்மர் வாசிக்கும் பெண் கலைஞர்களைப் பிலடெல்பியாவுக்கு அழைத்துச் சேர்ந்து வாசித்தார் சூசன். 'ஸோல் ஸாங்ஸ்' என்பது அந்தத் திட்டத்தின் பெயர். பழைய மெட்டுகளை மட்டும் வாசித்துவிட்டுக் கலையும் ஏற்பாடு அல்ல அது. பெண்கள் புதிதாக இயற்றிய கிளெஸ்மர் மெட்டுகளுக்கே அங்கு முதலிடம்.

கேட்க விரும்புவோர் ஜேக்கப் ஹாஃப்மன் கேண்டல் குழுவோடு சைலஃபோனில் வாசித்த டோய்னாவிலிருந்து தொடங்கலாம். நூறாண்டுப் பழைய ஒலி என்பதால் இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து எலேனின் 'ஐ ரிமெம்பர் கிளெஸ்மர்'. அதில் டிரம் சத்தத்தை யாரும் தூரத் தள்ளி வைக்கவில்லை. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுவிட்டு, பிறகு சூசனின் டிரம்பெட்டுக்கு வாருங்கள்.